அஸ்பால்டீன்: மாஸ் ஸ்பெக் காட்டியதும் காட்டாமல் விட்டதும்

கச்சா எண்ணெயை வடித்து, பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் எடுத்த பிறகு அடியில் கெட்டியாக, கறுப்பாக ஒன்று தங்கும். வெற்றிடத்தில் மறுபடி வடித்தாலும் அதில் ஒரு பகுதி மேலே வராது. சுத்திகரிப்பு ஆலைகளில் இதை வேக்யூம் ரெசிட்யூ என்பார்கள். சாதாரண அழுத்தத்துக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 540 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் இது கொதிக்க வேண்டும். அந்தச் சூடு வருவதற்குள் மூலக்கூறுகள் சிதைந்துவிடும். இந்த எச்சத்தில் ஹெப்டேனை நிறைய ஊற்றினால் கரும்பழுப்பாக ஒரு தூள் படியும். அந்தத் தூள் டொலுவீனில் கரைந்துவிடும். ஹெப்டேனில் கரையாது, டொலுவீனில் கரையும்: அஸ்பால்டீன் என்பதற்கு வரையறை இவ்வளவுதான். கரைதிறனைச் சொல்கிறதே தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று அது எதுவும் சொல்வதில்லை.

1837இல் பிரெஞ்சு வேதியியலாளர் பூசிங்கோ இந்தப் பெயரை வைத்தார். ஓர் அஸ்பால்டீன் மூலக்கூறின் எடை என்ன, அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்ற இரண்டு கேள்விகளும் அதன் பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தீராத விவாதமாகவே இருந்தன. தொழிலுக்கு நேரடியாகத் தேவைப்படும் கேள்விகள் இவை. எண்ணெய்க் கிணற்றிலும் குழாயிலும் படிந்து அடைப்பது, ஒத்துப்போகாத இரண்டு எண்ணெய்களைக் கலக்கும்போது வண்டலாக இறங்குவது, வினையூக்கியின் மேல் கரியாகப் படிவது ஆகியவற்றில் அஸ்பால்டீனுக்குப் பெரிய பங்கு உண்டு. வினையூக்கியைக் கெடுக்கும் நிக்கலும் வனேடியமும் அதிகம் செறிந்திருப்பதும் இதில்தான்.

மூலக்கூறுகளை மின்னூட்டமுள்ள அயனிகளாக்கி எடை பார்க்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி (சுருக்கமாக மாஸ் ஸ்பெக்) இந்த இரண்டு கேள்விகளையும் கையில் எடுத்தபோது என்ன நடந்தது என்பதே இந்த ஆய்வின் பொருள். இரண்டிலும் அது முதலில் ஆட்களைத் தவறான பக்கம் இழுத்தது, அப்புறம் அதே நுட்பம்தான் திருத்தியும் கொடுத்தது. இரண்டு முறையும் பிழை கருவியின் துல்லியத்தில் இல்லை. மாதிரி அயனியாக மாறும் இடத்தில் இருந்தது. கன எரிபொருள்களைப் பகுப்பாய்வு செய்பவர்கள் அதிகக் கவனம் வைக்க வேண்டிய இடம் அதுதான் என்று உறுதியாக நினைக்கிறேன்.

எடை: ஆயிரங்களிலிருந்து நூற்றுக்கணக்குக்கு

முதலில் கரைசல் முறைகள் பேசின. ஆவியழுத்த ஆஸ்மோமெட்ரி என்ற முறை கரைசலில் எத்தனை துகள்கள் இருக்கின்றன என்று எண்ணி, அதிலிருந்து சராசரி எடையைச் சொல்லும். அஸ்பால்டீனுக்கு அது பல ஆயிரம் டால்டன் என்றது (ஒரு டால்டன் ஏறக்குறைய ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை). ஆனால் கரைப்பானை மாற்றினால் விடை மாறியது, சூட்டை மாற்றினாலும் மாறியது. மூலக்கூறின் எடை கரைப்பானைப் பொறுத்து மாறக் கூடாது. மாறுகிறது என்றால், எண்ணப்படுவது தனி மூலக்கூறு அல்ல, ஒட்டிக்கொண்டிருக்கும் கூட்டம். இந்தக் குறிப்பு ஆரம்பத்திலிருந்தே தரவில் இருந்தது. அதற்குக் கொடுத்திருக்க வேண்டிய எடையைப் பலர் கொடுக்கவில்லை.

அப்புறம் லேசர் வந்தது. தகட்டின் மேல் தடவிய மாதிரியை லேசரால் அடித்து, ஒரே அடியில் ஆவியாக்கி அயனியாக்கும் முறைகளில் அஸ்பால்டீனின் நிறமாலை, அதாவது எந்த எடையில் எவ்வளவு அயனி என்று காட்டும் வரைபடம், பல ஆயிரம் டால்டன் வரை நீண்ட வாலோடு வந்தது. ஆஸ்மோமெட்ரி சொன்னதோடு இது பொருந்திப்போனதால் பலருக்கு நம்பிக்கை கூடியது. இரண்டு முறைகள் ஒத்துப்போனால் சரி என்று எடுத்துக்கொள்வது இயல்புதான். இங்கே இரண்டும் ஒரே காரணத்தால் ஒரே திசையில் விலகியிருந்தன. கரைசலில் ஒட்டிக்கொள்ளும் அதே மூலக்கூறுகள், லேசர் அடித்து எழும் அடர்த்தியான ஆவிப் புகையிலும் ஒட்டிக்கொண்டன. லேசரின் சக்தியைக் கூட்டினாலோ, தகட்டில் மாதிரியை அதிகம் தடவினாலோ வால் இன்னும் நீண்டது.

1999இல் க்ரோன்ஸினும் மல்லின்ஸும் வேறு வழியில் வந்தார்கள். மிகவும் நீர்த்த கரைசலில் முனைவாக்கிய ஒளித்துடிப்பைச் செலுத்தி, மூலக்கூறு சுழன்று திரும்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று ஒளிர்வை வைத்து அளந்தார்கள். பெரியது மெதுவாகச் சுழலும், சிறியது வேகமாகச் சுழலும். அவர்களுக்குக் கிடைத்த விடை சராசரியாக 750 டால்டன் அளவு, பெரும்பாலும் 500க்கும் 1000க்கும் இடையே. அப்போது நம்பப்பட்டதோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. உடனே எல்லோரும் ஏற்கவில்லை. ஒளிராத மூலக்கூறுகள் கணக்கில் வரவில்லையே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதே மாதிரிக் கேள்வி பின்னால் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியையும் பார்த்துக் கேட்கப்படும்.

எடை விவாதத்தைப் பெருமளவு அடக்கியது இரண்டு படி லேசர் முறை. ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் ஸேர் குழுவும் மல்லின்ஸும் சேர்ந்து 2008 வாக்கில் செய்த வேலை. முதலில் அகச்சிவப்பு லேசரால் மூலக்கூறுகளை மெதுவாக மேலே எழுப்புவார்கள். சற்று நேரம் கழித்து, புகை விரிந்து நீர்த்த பிறகு, தனியாக ஒரு புறஊதா லேசரால் அயனியாக்குவார்கள். எழுப்புவதும் அயனியாக்குவதும் வேறு வேறு வேலை என்று பிரித்ததுதான் இதன் சிறப்பு. லேசர் சக்தியை மாற்றினாலும் மாதிரியின் அளவை மாற்றினாலும் நிறமாலை மாறவில்லை. மேடு சில நூறு டால்டனிலேயே நின்றது. எண் சிறியதாக வந்ததைவிட, நிபந்தனையை மாற்றியும் எண் மாறாமல் நின்றதுதான் இங்கே சான்று.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒன்று: அஸ்பால்டீன் டொலுவீனில் லிட்டருக்கு 50 முதல் 150 மில்லிகிராம் என்ற நீர்த்த அளவிலேயே நானோ திரள்களாகச் சேரத் தொடங்கிவிடும். மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்குத் தயாரிக்கும் கரைசல்களும் பெரும்பாலும் இதே எல்லையை ஒட்டியோ மேலேயோதான் இருக்கும். தெளிக்கும்போது துளி காயக் காய அடர்த்தி இன்னும் ஏறும். ஆக, கருவிக்குள் நுழையும்போதே திரள்தல் தொடங்கியிருக்கிறது.

3.4 மில்லிடால்டன்

எடை சில நூறு என்று தெரிந்தால் போதாது. என்ன அணுக்கள், எத்தனை என்று தெரிய வேண்டும். இங்கே சாதாரண மாஸ் ஸ்பெக் கைவிட்டுவிடும். காரணத்தை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். 37 கார்பனும் 42 ஹைட்ரஜனும் உள்ள ஹைட்ரோகார்பனின் எடை 486.3287 டால்டன். 34 கார்பன், 46 ஹைட்ரஜன், ஒரு கந்தகம் உள்ள சேர்மத்தின் எடை 486.3320. மூன்று கார்பனை எடுத்துவிட்டு ஒரு கந்தகமும் நான்கு ஹைட்ரஜனும் வைத்தால் எடை 0.0034 டால்டன்தான் மாறுகிறது. ஆனால் வேதியியலில் இரண்டும் வெகு தூரம். வளையங்களும் இரட்டைப் பிணைப்புகளும் சேர்த்து எண்ணும் டிபிஇ என்ற எண் முதலாவதுக்கு 17, இரண்டாவதுக்கு 12. ஒன்றில் கந்தகமே இல்லை, மற்றதில் இருக்கிறது. கந்தகத்தை நீக்கும் உலையை நடத்துபவருக்கு இந்த வித்தியாசம்தான் எல்லாம்.

இந்த இரட்டை உச்சிகளைப் பிரிக்க இந்த எடையில் குறைந்தது 1,43,000 பிரிதிறன் (எடையை, பிரித்தறிய வேண்டிய எடை வித்தியாசத்தால் வகுத்தால் வரும் எண்) வேண்டும். இதைவிட நெருங்கியவையும் உண்டு. நான்கு கார்பனுக்குப் பதில் ஒரு கந்தகம், மூன்று ஹைட்ரஜன், ஒரு கார்பன்-13 என்றால் வித்தியாசம் 1.1 மில்லிடால்டன். அதாவது இரண்டு எலக்ட்ரான்களின் எடை. 500 டால்டன் பக்கத்தில் இதற்கு நாலரை லட்சம் பிரிதிறன் தேவை, எடை ஏற ஏற அதற்கும் மேலே. கன எண்ணெயில் ஒவ்வொரு முழு எண்ணிலும் இப்படிப் பத்துக்கணக்கான உச்சிகள் நெருங்கி நிற்கும்.

இதற்குக் கைகொடுப்பது ஃபூரியே உருமாற்ற அயனி சைக்ளோட்ரான் ஒத்ததிர்வுக் கருவி. 1974இல் கோமிசரோவும் ஆலன் மார்ஷலும் செய்து காட்டியது. வலுவான காந்தப்புலத்தில் அயனி வட்டமடிக்கும். எத்தனை முறை சுற்றுகிறது என்பது அதன் நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதத்தையும் காந்தப்புலத்தையும் மட்டும் பொறுத்தது. அயனி எவ்வளவு வேகத்தில் உள்ளே வந்தது என்பது கணக்கில் வராது. 9.4 டெஸ்லா புலத்தில், அந்த விகிதம் 500 உள்ள அயனி நொடிக்குச் சுமார் 2,89,000 முறை சுற்றும். அலைவெண்ணை அளப்பதுபோல் துல்லியமாக இயற்பியலில் அளக்கக் கூடியவை குறைவு. இந்தக் கருவியின் பலம் முழுவதும் அங்கிருந்து வருகிறது. ஃபுளோரிடாவின் டாலஹாஸியில் உள்ள தேசிய உயர் காந்தப்புல ஆய்வகத்தில் இப்போது 21 டெஸ்லா வரை போயிருக்கிறார்கள்.

துல்லியமான எடை கிடைத்த பிறகு, உச்சிகளை அடுக்குவதற்கு கென்ட்ரிக் 1963இல் சொன்ன உபாயம் இன்றும் போதுமானது. ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும் சேர்ந்த அலகின் எடை 14.01565. அதைச் சரியாக 14 என்று வைத்துக்கொண்டு எல்லா எடைகளையும் அதே விகிதத்தில் மாற்றினால், பக்கச் சங்கிலியின் நீளத்தில் மட்டும் வேறுபடும் சேர்மங்களுக்குத் தசமப் பகுதி ஒன்றாகவே வரும். பல்லாயிரம் உச்சிகள் குடும்பம் குடும்பமாக வரிசையில் வந்து நின்றுவிடும். ஒரு குடும்பத்தில் ஒன்றை அடையாளம் கண்டால் போதும், மீதியும் தெரிந்துவிடும்.

இப்படிப் பார்த்தபோது ஒரு படம் தெளிவாக வந்தது. ஒரே கார்பன் எண்ணிக்கையில் ஒப்பிட்டால், ஹெப்டேனில் கரையும் மால்டீனைவிட அஸ்பால்டீனுக்கு டிபிஇ அதிகம். அதாவது ஹைட்ரஜன் குறைவு, வளையம் அதிகம். கொதிநிலை ஏற ஏற எடையும் அரோமேட்டிக் தன்மையும் (பென்சீன் போன்ற வளையங்களின் பங்கு) கந்தக, நைட்ரஜன், ஆக்சிஜன் அளவும் படிப்படியாக ஏறும், திடீர்த் தாவல் கிடையாது என்று போடுஷின்ஸ்கி 1980களின் இறுதியில் சொல்லியிருந்ததற்கும் இந்த முறையில் விரிவான ஆதாரம் கிடைத்தது.

தீவா, தீவுக்கூட்டமா

அடுத்த கேள்வி கட்டமைப்பு. அஸ்பால்டீன் மூலக்கூறில் ஒட்டிய வளையங்களாலான பெரிய அரோமேட்டிக் மையம் ஒன்று மட்டும் இருந்து, சுற்றிலும் சிறு சங்கிலிகள் தொங்குகின்றனவா? இதைத் தீவு அமைப்பு என்கிறார்கள். அல்லது பல சிறிய மையங்கள் சங்கிலிகளால் இணைந்திருக்கின்றனவா? இது தீவுக்கூட்டம்.

தொழிலுக்கு இதில் பெரிய வேறுபாடு உண்டு. தீவுக்கூட்டத்தைச் சூடாக்கினால் இணைப்புச் சங்கிலி அறுந்து, வடிக்கக் கூடிய சிறு மூலக்கூறுகள் கிடைக்கும். தீவைச் சூடாக்கினால் ஓரச் சங்கிலிகள் போய்விட்டு மையம் கோக் என்ற கரியாகிவிடும்.

தீவுப் பக்கம் ஆதாரங்கள் வலுவாக இருந்தன. இரண்டு படி லேசர் முறையில் சக்தியைக் கூட்டியபோது தீவுக்கூட்ட மாதிரிச் சேர்மங்கள் உடைந்தன, தீவுச் சேர்மங்கள் தாங்கின, அஸ்பால்டீனும் தாங்கியது. 2015இல் ஸூரிச் ஐபிஎம் ஆய்வகத்தில் அணுவிசை நுண்ணோக்கியால் 100க்கும் மேற்பட்ட அஸ்பால்டீன் மூலக்கூறுகளைத் தனித்தனியாகப் படமெடுத்தார்கள். பெரும்பாலானவற்றில் ஒரே மையம். வளையங்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொள்ளலாம் என்ற அளவுக்குத் தெளிவான படங்கள் அவை. பார்த்தவர்கள் விவாதம் முடிந்துவிட்டது என்று நினைத்ததில் வியப்பில்லை.

ஆனால் கனடாவின் ஆல்பெர்டா பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ராஸும் பின்னர் முர்ரே கிரேயும் ஒத்துக்கொள்ளவில்லை. அங்குள்ள அதபாஸ்கா எண்ணெய் மணலிலிருந்து கிடைக்கும் பிட்டுமன் என்ற கெட்டி எண்ணெயின் அஸ்பால்டீனை வேதிமுறையில் உடைத்தபோது, இரண்டு அரோமேட்டிக் மையங்களுக்கு நடுவே பாலமாக இருந்திருக்க வேண்டிய துண்டுகள் கிடைத்தன. சூடாக்கி உடைத்தபோதும் ஒற்றைத் தீவு மட்டும் என்றால் வரக் கூடாத சிறு மூலக்கூறுகள் வந்தன. மாஸ் ஸ்பெக் ஒன்று சொல்கிறது, உலை வேறொன்று சொல்கிறது. என் பார்வையில் இப்படி முரண்படும்போது உலையைத்தான் முதலில் நம்ப வேண்டும். அதற்குள் போன பொருள் அத்தனையும் ஏதாவது ஒரு வடிவில் வெளியே வந்தாக வேண்டும், எடை போட்டுப் பார்த்துவிடலாம். மாஸ் ஸ்பெக்கில் அந்த உத்தரவாதம் இல்லை.

அயனியாக மறுத்தவை

ஒவ்வோர் அயனியாக்க முறைக்கும் ஒரு சாய்வு உண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. கரைசலை மின்னழுத்தத்தில் தெளித்து அயனியாக்கும் எலக்ட்ரோஸ்ப்ரேயை நேர்மின் நிலையில் வைத்தால் பிரிடின் வகைக் கார நைட்ரஜன் சேர்மங்கள் முன்னால் வந்து நிற்கும். எதிர்மின் நிலையில் நாஃப்தெனிக் அமிலங்களும் கார்பசோல் வகைகளும். முனைவில்லாத ஹைட்ரோகார்பன்களும் தயோஃபீன்களும் அதில் ஏறக்குறைய தெரியவே மாட்டா. அவற்றுக்காகத்தான் வளியழுத்த ஒளி அயனியாக்கம் வந்தது. கிரிப்டான் விளக்கின் 10 எலக்ட்ரான்வோல்ட் ஒளியில் அரோமேட்டிக் எதுவும் அயனியாகும் என்பதால், அஸ்பால்டீனுக்கு இது கிட்டத்தட்ட நடுநிலையான முறை என்று ஒரு நம்பிக்கை வேரூன்றியது.

அந்த நம்பிக்கையைச் சோதித்தது டாலஹாஸியில் சகோன்-பாடினோ, ரோலண்ட், ராட்ஜர்ஸ் ஆகியோர் 2017 முதல் வெளியிட்ட தொடர் ஆய்வு. இதில் நான் மிகவும் மதிப்பது காந்தத்தை அல்ல, அதற்கு முன்னால் செய்த எளிய வேலையை. அஸ்பால்டீனைச் சிலிக்கா ஜெல்லின் மேல் மிகக் குறைந்த விகிதத்தில் ஏற்றி, வேறு வேறு கரைப்பான்களால் சாக்ஸ்லெட் என்ற, கரைப்பானைத் திரும்பத் திரும்பச் சுழற்றிக் கழுவும் கண்ணாடிக் கருவியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கழுவி எடுத்தார்கள். முதலில் அசிட்டோன், அப்புறம் அசிட்டோநைட்ரைல், பிறகு ஹெப்டேனும் டொலுவீனும் கலந்த கலவைகள், கடைசியில் டொலுவீன், டெட்ராஹைட்ரோஃபியூரான், மெத்தனால் சேர்ந்த கலவை. ஒவ்வொரு பகுதியையும் எடை போட்டு, தனித்தனியாகக் கருவியில் விட்டார்கள்.

ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே எண்ணிக்கை அயனிகளைச் சேர்க்க எவ்வளவு நேரம் ஆகிறது என்றும் பார்த்தார்கள். வழக்கமாகக் கருவி தானாகச் செய்துகொள்ளும், யாரும் எழுதி வைக்காத ஒரு விவரம் இது. அசிட்டோனில் வந்த பகுதி மிகச் சுலபமாக அயனியானது. கடைசியாக வந்த பகுதிக்கு அதைவிட மிக நீண்ட நேரம் அயனிகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. அதன் மூலக்கூறுகள் வலுவாகத் திரண்டிருந்ததால் தனி மூலக்கூறு அயனியாக வருவது குறைவு. பிரிக்காத முழு அஸ்பால்டீனை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பது இப்போது புரியும். சுலபமாக அயனியாகும் பகுதி இடத்தை முழுவதும் பிடித்துக்கொள்ளும். எடையில் எவ்வளவு இருந்தாலும் சிரமப்பட்டு அயனியாகும் பகுதி அதன் நிழலில் மறைந்துவிடும்.

சரி, கட்டமைப்பை எப்படிக் கண்டார்கள்? குறுகிய எடை வரம்பில் உள்ள அயனிகளைத் தனியே பிடித்துவைத்து, அகச்சிவப்பு லேசரால் சூடேற்றி உடைத்தார்கள். தீவாக இருந்தால் ஓரச் சங்கிலிகள் மட்டும் கழலும்: கார்பன் எண்ணிக்கை குறையும், டிபிஇ அப்படியே நிற்கும். தீவுக்கூட்டமாக இருந்தால் மையங்கள் பிரியும்: துண்டுகளின் டிபிஇ தாயயனியைவிட வெகுவாகக் குறைந்திருக்கும். சேர்க்கைச் சூத்திரத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்கவே முடியாது, ஏனென்றால் ஒரே சூத்திரத்தில் இரண்டு அமைப்பும் இருக்கலாம். அசிட்டோன் பகுதி பெரும்பாலும் தீவாக உடைந்தது. கடைசிப் பகுதியில் தீவுக்கூட்டம் மேலோங்கியது.

இன்னொரு முடிவும் அதே அளவு முக்கியம்: எது அதிகம் என்பது எந்த எண்ணெய் என்பதைப் பொறுத்தது. வயோமிங்கிலிருந்து வந்த படிவு ஒன்றின் அஸ்பால்டீனில் தீவு மேலோங்கியிருந்தது, அதபாஸ்கா பிட்டுமனில் தீவுக்கூட்டம். ஆல்பெர்டா குழுவினர் ஆராய்ந்தது பெரும்பாலும் அதபாஸ்காவை என்பதை நினைத்துப் பார்த்தால், இரண்டு தரப்பும் தத்தம் மாதிரியையும் தத்தம் முறையையும் பொறுத்தவரை உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன. அஸ்பால்டீன் என்ற ஒரே பெயருக்குள் பல பொருள்கள் இருந்தன. கரைதிறனை வைத்து வரையறுத்ததன் விளைவு இது.

அறிக்கையில் என்ன வேண்டும்

கன எண்ணெயின் மாஸ் ஸ்பெக் அறிக்கை கையில் கிடைத்தால் பலரும் முதலில் எத்தனை ஆயிரம் சூத்திரங்கள் கண்டார்கள் என்று பார்க்கிறார்கள். அந்த எண்ணிக்கை கருவியின் திறமையைக் காட்டும், மாதிரியைப் பற்றி அதிகம் சொல்லாது. முதலில் கேட்க வேண்டியது எந்த அயனியாக்க முறை, எந்த மின்நிலை என்பது. இது இல்லாமல் கந்தக வகைகள் குறைவு, நைட்ரஜன் அதிகம் என்று எழுதினால் அதற்குப் பொருளே இல்லை. அடுத்து, தூளை ஹெப்டேனால் எவ்வளவு நன்றாகக் கழுவினார்கள் என்பது. சரியாகக் கழுவாத அஸ்பால்டீனுக்குள் மால்டீன் சிக்கியிருக்கும். அது சுலபமாக அயனியாவதால் அளவில் கொஞ்சமாக இருந்தாலும் நிறமாலையில் பெரிதாக நிற்கும். பிரித்திருந்தால் ஒவ்வொரு பகுதியின் எடையும் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் அயனி சேர்த்த நேரமும் வேண்டும். உச்சியின் உயரத்தை நேரடியாக அளவாக எடுத்துக்கொண்ட எந்த வரைபடத்தையும் நான் தயக்கத்தோடுதான் பார்ப்பேன்.

மென்மையான அயனியாக்கம் விட்டுவிடுவதைப் பிடிக்க வேறொரு மாஸ் ஸ்பெக் இருக்கிறது, அது போதுமான அளவு பயன்படுவதில்லை என்பது என் ஆதங்கம். மாதிரியை அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல் நிரலில் விட்டு, வெளியே வருவதைப் பிளாஸ்மாவில் எரித்து அணுக்களை எண்ணும் முறை அது. பல ஆயிரம் டிகிரி பிளாஸ்மாவில் மூலக்கூறு திரண்டிருந்தாலும் தனித்திருந்தாலும் அணுக்களாகச் சிதைந்துவிடும். சூத்திரம் போய்விடும், ஆனால் வனேடியம், நிக்கல், கந்தகத்தில் எவ்வளவு பங்கு பெரிய திரள்களில் உட்கார்ந்திருக்கிறது என்பது தெரியும். கன மாதிரிகளில் வனேடியத்தின் கணிசமான பகுதி அந்தத் திரள்களோடு சேர்ந்தே வெளிவருகிறது. ஃபூரியே கருவியில் அழகாகத் தெரியும் போர்ஃபிரின் (உலோக அணுவை நடுவில் பிடித்திருக்கும் வளைய மூலக்கூறு) குடும்பங்களை மொத்த வனேடியம் என்று எடுத்துக்கொண்டு உலோக நீக்க உலைக்கு வினையூக்கியைத் தேர்ந்தெடுத்தால், அந்தத் திரள்களில் ஒளிந்திருக்கும் உலோகம் கணக்கில் வராமலே உலைக்குள் போகும்.